விரைவலிக்கு மருந்துக்கடை போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பின்னர் ஓர் அரசு வட்ட மருத்துவமனையிலுமாக 31 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் தங்கையின் பேரன், 14 வயதுப் பையன், சென்ற ஆண்டு தன் இடது விரையை (விதையை) இழந்தான். பெற்றோரின் ஒப்புதலோடு, ஊர், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர் எதையும் குறிப்பிடாமல் நடந்ததை எழுதுகிறேன். யார் மீதும் புகார் சொல்வதற்காக அல்ல. அந்த நான்கு நாள்களில் தவறியவர்களில் நானும் ஒருவன்.

பையன் விடுதியில் தங்கிப் படிப்பவன். ஒருநாள் அதிகாலை 2 மணிக்குத் தாங்க முடியாத வலியோடு விழித்துக்கொண்டான். இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். வலி எங்கே என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவனுக்கு வார்த்தை இல்லை. அந்த உறுப்புக்கு அவன் அறிந்த பெயர்களில் ஒன்று தெருவில் வசையாகக் கேட்டது, மற்றொன்று தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்தது. விடுதிக் காப்பாளரிடம் கூசாமல் சொல்லக்கூடிய ஒரு சொல்லை நாங்கள் யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. “வயிறு வலிக்குது சார்” என்றான். வயிற்றெரிச்சலுக்கான மாத்திரை கிடைத்தது. காலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன், தன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னபோது நண்பகல் ஆகிவிட்டது. அப்பா அழைத்துச் சென்ற மருத்துவர், கூட்டம் நெருக்கிய அந்த அறையில் உடையை விலக்கிப் பார்க்காமலேயே, இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவு 8 மணிக்குப் பையனின் அப்பா, என் தங்கை மகன், தொலைபேசியில் என்னை அழைத்தான். “மாமா, வீக்கம் இருக்கு, மாத்திரை எழுதியிருக்காங்க, இது போதுமா?” என்று கேட்டான். மருந்தின் பெயரைக் கேட்டேன், அளவைக் கேட்டேன், இரண்டும் சரியாக இருந்தன. “அஞ்சு நாளும் விடாம குடு” என்றேன். வலி படிப்படியாக வந்ததா, திடீரென்று வந்ததா? வாந்தி உண்டா? காய்ச்சல் உண்டா? இந்த மூன்றையும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நான்காம் நாள் எடுத்த ஸ்கேனில் அந்த விரைக்குள் இரத்த ஓட்டமே இல்லை என்று தெரிந்தது. கறுத்துச் செத்துப்போயிருந்த விரையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. நான் பேசிய நேரத்திலேயே 18 மணி நேரம் கடந்திருந்ததால் காப்பாற்றியிருப்பது கடினம்தான் என்று அறுவை மருத்துவர் என்னைத் தேற்றிப் பார்த்தார். எனக்கு மனம் ஆறவில்லை.

அவனுக்கு வந்தது தொற்றே அன்று, விரை முறுக்கம். இரத்தக்குழாய்களும் நரம்புகளும் விந்துக்குழாயும் சேர்ந்து பின்னிய ஒரு கொடியில்தான் விரை தொங்குகிறது. சில பையன்களுக்குப் பிறவியிலேயே அது தன் உறையோடு சரியாக ஒட்டிக்கொள்ளாமல், கோயில் மணியின் நாக்குப் போல ஊசலாடும் நிலையில் இருக்கும். தூக்கத்திலோ விளையாட்டிலோ அது ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ திருகிக்கொண்டால் கொடி முறுக்கேறி இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் 10 பேரில் 9 பேருக்கு விரை பிழைக்கிறது; 12 மணி நேரமானால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்; ஒரு நாள் கடந்துவிட்டால் பிழைப்பது அரிது. 12 முதல் 18 வயது வரையுள்ள பையன்களுக்கு இது மிகுதி என்பதால், அந்த வயதில் திடீரென்று விரைவலி வந்தால் வேறு காரணம் உறுதியாகும் வரை அதை முறுக்கமாகவே கொள்ள வேண்டும் என்று அறுவை மருத்துவம் கற்பிக்கிறது.

தொற்று இப்படி வருவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் மெல்ல ஏறும். விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற சுருள்குழாயில் தொடங்கி விரைக்குப் பரவும். காய்ச்சலும் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் கூட வரும். நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 6 மீட்டர் வரக்கூடிய அந்தக் குழாய் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குள் சுருண்டு கிடப்பதால், கிருமி புகுந்தால் எளிதில் வெளியேறாது. ஏட்டில் இவ்வாறு பிரித்து எழுத முடிகிறதே தவிர, நோயாளியின் உடம்பில் இரண்டும் கலங்கித்தான் தெரிகின்றன. முறுக்கம் கண்ட பையனுக்கும் சில மணி நேரத்தில் தோல் சிவந்து வீங்கும். தொற்று கண்டவனுக்கும் வலி திடீரென்று கூடும். தொடையின் உட்புறத்தை மெல்ல வருடினால் அந்தப் பக்கத்து விரை சற்று மேலேறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்; முறுக்கத்தில் பெரும்பாலும் ஏறாது. அதுவும் முழு உறுதி தருவதன்று. கலர் டாப்ளர் ஸ்கேனில் தொற்றுக்கு இரத்த ஓட்டம் கூடியும், முறுக்கத்துக்குக் குறைந்தோ அற்றோ காணப்படும். அறிகுறிகள் முறுக்கத்தையே காட்டும்போது ஸ்கேனுக்காகக்கூடக் காத்திராமல் அறுவை செய்து திறந்து பார்ப்பதே முறை. ஆகவே தொலைபேசியில் பேசியோ, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி கேட்டோ, மருந்துக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றோ முடிவுசெய்யக்கூடிய நோயன்று இது. அதே நாளில், அதே மணி நேரத்தில் மருத்துவர் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

முறுக்கம் இல்லை, தொற்றுதான் என்று உறுதியாகிவிட்டால் நிம்மதி அடைந்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்காக அடுத்ததை எழுதுகிறேன். விரையைப் போர்த்தியிருக்கும் உட்சவ்வு தடித்தது, விரிந்து கொடுக்காதது. உள்ளே வீக்கம் ஏற ஏற அழுத்தம் கூடி, முறுக்கம் இல்லாமலேயே இரத்தக்குழாய்கள் நெரிபட்டு விரையின் ஒரு பகுதியோ முழுவதுமோ செத்துப்போகலாம். சீழ் கட்டி வெடிக்கலாம். பல மாதங்கள் ஓயாத வலி தங்கிவிடலாம். அந்த நீளமான சுருள்குழாய் தழும்பேறி அடைபட்டால், அந்தப் பக்கத்தில் உருவாகும் விந்தணுவுக்கு வழி இல்லாமல் போகும். இருபக்கமும் அப்படியானால் பிள்ளைப்பேறு தடைப்படும். திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துக் குழந்தை இல்லை என்று வந்து நிற்கும் இளைஞனிடம் ‘முன்பு எப்போதாவது விரை வீங்கியதா?’ என்று கேட்டால், ‘ஆமாம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன், மூன்று நாளில் வலி விட்டது, நிறுத்திவிட்டேன்’ என்பான். வலி நிற்பதும் தொற்று ஒழிவதும் ஒன்றல்ல. நோய்க்குக் காரணமான கிருமியைப் பொறுத்து 10 முதல் 14 நாள் வரை மருந்து தேவைப்படும்; மருந்து வேலை செய்தாலும் வீக்கம் முழுவதும் வடியச் சில வாரங்கள் ஆகும்.

எந்தக் கிருமி என்பதை அறியாமல் மருந்து கொடுப்பது, என் துறையில் நான் கண்ட மிகப் பரவலான பிழை. 35 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிளமீடியா, கொனோரியா போன்ற பால்வினைக் கிருமிகள் பெரும்பாலும் காரணமாகின்றன. அதைக் கடந்தவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலிருந்து ஏறிவரும் ஈ-கோலை போன்றவை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகையில் துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்காவிட்டால் நோய் திரும்பி வரும். முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே சிறுநீர் மாதிரியை எடுத்துவிட வேண்டும். இரண்டு வேளை மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராது, பரிசோதனை பொய்யாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவருக்கு இந்த வாய்ப்பு முதல் நாளே போய்விடுகிறது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் 2014 மார்ச் மாதம் முதல் நடைமுறையிலுள்ள எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். அந்தப் பதிவேடு எத்தனை கடைகளில் உண்மையாக எழுதப்படுகிறது என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர்தாம் சொல்ல வேண்டும். என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்: விரைவலி என்று ஒருவர் வந்தால் தயவுசெய்து எந்த மாத்திரையையும் பிரித்துக் கொடுக்காதீர்கள், எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

ஆண்கள் இந்த வலியை எப்படிச் சொல்வார்கள் என்று 31 ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்பார்கள். ‘நெறி கட்டியிருக்கு’, ‘சைக்கிள் பார்ல இடிச்சுக்கிட்டேன்’ என்பார்கள். மணமாகாதவர்கள் நண்பனுக்குக் கேட்பது போலக் கேட்பார்கள். தொப்புளைச் சுற்றியும் கால் பெருவிரலிலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு வருவார்கள். கும்பகோணம் பகுதியில் யானைக்கால் நோய் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்ததால், எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு விரை வீங்கினாலே அது ஓதம் என்னும் நீர்வீக்கம்தான். ஓதம் என்றால் பழகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கழற்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியம். அதை நான் இழித்துப் பேசவில்லை, என் தந்தைக்கும் கட்டியிருக்கிறோம். வலியும் காய்ச்சலும் இல்லாத நாள்பட்ட நீர்வீக்கத்துக்கு அவர்கள் கண்ட வழியை, திடீரென்று சிவந்து வலிக்கும் விரைக்கும் கட்டிவிட்டுக் காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சிறுநீர் அடைப்புக்காக டியூப் பொருத்தப்பட்டு வீடு திரும்பிய ஒரு விவசாயி, 60 வயதிருக்கும், எங்கள் மருத்துவமனைக்கு வழக்கமாகச் சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர். டியூப் எடுத்த சில நாளில் விரை வீங்கியது. வீட்டில் மருமகள்களும் பேத்திகளும் இருக்கும்போது யாரிடம் சொல்வது என்று ஆறு நாள் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு திண்ணையில் படுத்திருந்தார். துர்நாற்றம் வந்த பிறகுதான் மகன் பார்த்தார். விரைப்பையின் தோல் கறுத்து, அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்றது. இறந்த தசையை மூன்று முறை வெட்டி அகற்றிய பிறகு பிழைத்தார். 1883-ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் ழான் ஆல்ஃபிரெட் ஃபூர்னியே விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் அழுகல் நோய் இது. மணிக்கணக்கில் பரவும், நல்ல மருத்துவமனைகளிலும் உயிரிழப்பு மிகுதி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் ஆண்களுக்குக் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போல இதையும் சொல்ல வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பணியாளர்கள், அடிக்கடி சிறுநீர் எரிச்சல் உண்டா, விரையில் வலி வீக்கம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டாலே பலர் வாய் திறப்பார்கள். பெண் பணியாளரிடம் சொல்லத் தயங்குபவர்களுக்கு, அவர்களே ஆண் சுகாதார ஆய்வாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம்.

அடுத்தது பொன்னுக்கு வீங்கி. கன்னம் வீங்கினால் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை வைத்து, அம்மன் வந்திருக்கிறாள் என்று ஒதுங்கியிருப்பதில் ஒரு நன்மை உண்டு. நோயாளி வீட்டிலேயே இருப்பதால் பரவல் குறையும். ஆனால் பருவமடைந்த ஆணுக்கு இந்நோய் வந்தால், ஏறக்குறைய 5-இல் ஒருவர் முதல் 3-இல் ஒருவர் வரை, கன்னம் வீங்கிய நான்கு முதல் எட்டு நாளில் விரையும் வீங்கும். கன்னம் வடிந்துவிட்டது, நோய் போய்விட்டது என்று எண்ணும் நேரத்தில் கடுங்காய்ச்சலோடு இது வருவதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வீங்கிய விரைகளில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை பின்னாளில் சுருங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முற்றிலும் மலடாவது அரிது. விந்தணு குறைவது அப்படி அரிதன்று. இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் இதற்கு ஒன்றும் செய்யாது. ஓய்வும், தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையும், வலி நிவாரணியுமே சிகிச்சை. வருமுன் காப்பதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தில் தமிழகம் முதல் கட்டத்திலேயே சேர்ந்தும், அரசு போடும் அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு இடமில்லை. குழந்தை மருத்துவர்களின் சங்கம் மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைப் பரிந்துரைக்கிறது. பணம் உள்ள வீட்டுக் குழந்தைகள் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்கிறார்கள். 2024-இல் கேரளத்தில் இந்நோய் பெருமளவில் பரவியதைப் பார்த்த பிறகும் இந்த வேறுபாடு நீடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மெல்ல வரும் வீக்கங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். காசநோய் சிறுநீரகத்திலிருந்து இறங்கி எபிடிடைமிஸில் தங்கும்; அங்கே மணிமணியாகக் கெட்டிப்படும், வலி குறைவாக இருக்கும், நாளடைவில் தோலில் துளை விழுந்து நீர் கசியும். சிறுநீரில் சீழ் இருந்தும் வழக்கமான பரிசோதனையில் கிருமி வளராவிட்டால் காசநோயை நினைக்க வேண்டும். யானைக்கால் புழுக்கள் ஆண்களுக்கு விரைப்பையின் நிணநீர்க் குழாய்களில் குடியிருப்பதால், கால் வீங்காமலேயே விரையில் மட்டும் வலியும் காய்ச்சலும் விட்டுவிட்டு வரலாம். இவற்றைவிட என்னை அச்சுறுத்துவது விரைப் புற்றுநோய். 15 முதல் 40 வயதுக்குள் மிகுதியாக வரும் இந்நோயைத் தொற்று என்று கருதி, ஒரு ஆன்டிபயாட்டிக்குக்குக் குறையாவிட்டால் அடுத்தது, அதற்கும் குறையாவிட்டால் வேறொன்று என்று மாதங்களைக் கடத்தியதை நானே சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். உரிய காலத்தில் கண்டால் 100-இல் 90 பேருக்கு மேல் குணமாகும் புற்றுநோய் இது. மருந்து முடிந்த பிறகும் கெட்டியாக ஏதேனும் தட்டுப்பட்டால் மூன்றாவது ஆன்டிபயாட்டிக் வேண்டாம், ஸ்கேன் வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. வட்ட மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்கேன் கருவி இருக்கிறது. இரவில் அதை இயக்க ஆள் இல்லை. முறுக்கமோ பல வேளைகளில் இரவிலும் விடியலிலும் பையன்களை எழுப்புகிறது. இரவு ஸ்கேன் இயலாத இடங்களில், 18 வயதுக்குட்பட்ட பையன் விரைவலியோடு வந்தால் காலைவரை வைத்திருக்காமல் உடனே 108 ஊர்தியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு இருந்தால் போதும். பிரசவ வலிக்கு இப்படி ஓர் ஒழுங்கை நாம் எப்போதோ ஏற்படுத்திவிட்டோம். வயிற்றுவலி என்று வரும் ஒவ்வொரு பையனின் விரையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம்தான். ஒரு திரைச்சீலையும் ஒரு நிமிடமும் ஒதுக்கினால் அதைச் செய்துவிடலாம்.

பள்ளிகளில் நல்ல தொடுதல், தவறான தொடுதல் பற்றி இப்போது சொல்லித் தருகிறார்கள், மிக நல்லது. அதோடு ஆறாம் வகுப்பிலிருந்து மாணவர்களைத் தனியே அமர்த்தி, உடற்கல்வி ஆசிரியரோ சுகாதார ஆய்வாளரோ ‘விரை’ என்ற சொல்லை அவர்கள் முன் நான்கு முறை சாதாரணமாக உச்சரிக்க வேண்டும். அங்கே திடீரென்று வலித்தால் நள்ளிரவானாலும் எழுப்பலாம், திட்ட மாட்டோம் என்று விடுதிக் காப்பாளர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். திருமணமாகாத இளைஞர்களுக்கு, அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று சுகவாழ்வு மையங்கள் இருப்பதும், அங்கே சிகிச்சை இலவசம் என்பதும், விவரம் வெளியே போகாது என்பதும் தெரிய வேண்டும். என் பணிக்காலத்தில் அந்தப் பலகையைத் தாண்டிச் சென்று மருந்துக்கடையில் பணம் கொடுத்தவர்களை எண்ணி முடியாது.

பையனைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும், இதே நிலையிலிருக்கும் பெற்றோருக்கு அது பயன்படும். விரை ஊசலாடும் பிறவி அமைப்பு பெரும்பாலும் இருபக்கமும் இருக்குமாதலால், முறுக்கத்துக்கு அறுவை செய்யும்போதே மறுபக்கத்து விரையையும் தையலிட்டு நிலைப்படுத்திவிடுகிறார்கள். அவனுக்கும் செய்தார்கள். ஒரு விரை நலமாக இருந்தால் ஆண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெரும்பாலும் குறைவு நேராது என்று மருத்துவர் அவனிடமே நேரில் விளக்கினார். ஒரு பக்கம் எடுத்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று தெரியாத பெற்றோர், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியில்லையென்றால் அந்த அறுவை மருத்துவரிடமே போய்க் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.